அப்பா கேட்டதற்கு முதலில் பதில் சொல்

கேள்வி: மன்னார்குடிக்கு அருகில் ஒரு கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 24. அப்பா நெல் போட்ட பணத்தில்தான் நுண்ணுயிரியலில் எம்.எஸ்சி. வரை படித்தேன். இப்போது ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பயோஇன்ஃபர்மேடிக்ஸில், அதாவது உயிரியல் தரவுகளைக் கணினியில் ஆராயும் துறையில், ஆராய்ச்சி செய்ய ஆசை. ஆனால் அதற்கு வேண்டிய பைத்தான் என்ற நிரல்மொழி வகுப்பில் இரண்டு முறை சேர்ந்து பாதியில் விட்டுவிட்டேன். மறுபடியும் ஓர் எம்.எஸ்சி. படிப்பதா, நேரே பிஎச்.டி.க்கு முயல்வதா? வீட்டில் வரன் பார்க்கிறார்கள். ஐந்தாறு வருடம் ஆராய்ச்சி என்று போனால் அதன்பின் வாழ்க்கை என்ன ஆகும்? நான் படித்தது வீட்டில் யாருக்கும் புரியவில்லை. போன சம்பாவில் அப்பா ஓரம் கருகிய நெல் இலைகளைக் கொண்டுவந்து, “இது என்ன கிருமிம்மா?” என்று கேட்டார். “நான் கம்ப்யூட்டர் பக்கம் போகப் போறேன், இதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா” என்று சொல்லிவிட்டேன். அவரும் கடையில் கொடுத்த மருந்தை வாங்கி அடித்தார்.

பதில்: மகளே, உன் கேள்விகளை ஏறக்குறைய இதே சொற்களில் பலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். பிறகு அவற்றுக்கு வருகிறேன். நீ கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய அந்த இலைச் சங்கதியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

வீட்டில் யாருக்கும் உன் படிப்பு புரியவில்லை என்று குறைப்படுகிறாய். அடுத்த வரியிலேயே, கருகிய இலையைப் பார்த்ததும் அது கிருமியாக இருக்கலாம் என்று ஊகித்து, கிருமியைப் படித்த மகளிடம் கொண்டுவந்த அப்பாவைப் பற்றி எழுதுகிறாய். உன் படிப்பு எதற்கானது என்று அந்த வீட்டில் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். அவரிடம் தெரியாது என்று சொன்னாய். அது உண்மையும் அல்ல. கருகல் தொடங்கும் இடத்தில் இலையைக் குறுக்காக வெட்டி, ஒரு கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை நீரில் படும்படி வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், பாக்டீரியா இலைக்கருகலாக இருக்கும்பட்சத்தில் சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற ஒரு மெல்லிய இழை நீருக்குள் இறங்கும். சமையலறையில் இருக்கும் பொருள்களே போதும். நுண்ணுயிரியல் படித்த பெண்ணுக்கு இதைச் செய்ய அரை மணி நேரம் ஆகாது. கடைக்காரர் கொடுத்தது பூஞ்சைக்கான மருந்தாக இருந்து, வயலில் இருந்தது பாக்டீரியாவாக இருந்தால், அந்தப் பணம் வாய்க்காலில் கொட்டியதற்குச் சமம். பயிர் வெளுத்திருக்கிறதே என்று அவர் கூடுதலாக யூரியாவும் போட்டிருந்தால் நோய்க்குத் தீனி போட்டதாக ஆகியிருக்கும். படிக்க வைத்தவருக்கு இந்த அளவுக்குக்கூடப் பயன்படாத பட்டத்தை வைத்துக்கொண்டு இன்னொரு பட்டம் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்வதுதான் உனக்கு நல்லது.

நீ தட்டிக்கழித்த அந்த இலை எங்கே கொண்டுபோய்விடக் கூடியது என்பதையும் தெரிந்துகொள். அந்த நோயை உண்டாக்கும் ஜாந்தோமோனாஸ் ஒரைசே என்ற பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 50 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் கொண்டது. அது 2005இல் முழுமையாகப் படிக்கப்பட்டது. நெல்லின் மரபணுத் தொகுதி முழு வடிவில் வெளியானதும் அதே ஆண்டில்தான். இந்த இனத்துப் பாக்டீரியாக்கள் பயிரின் செல்லுக்குள் ஒருவகைப் புரதங்களைச் செலுத்துகின்றன; நெல்லில் அந்தப் புரதங்கள் சர்க்கரையை வெளியே விடும் மரபணுக்களைத் தூண்டிவிட, பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையைத் தின்று பெருகுகின்றன. அந்தப் புரதத்தில் ஏறக்குறைய 34 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. துண்டுக்குத் துண்டு பெரும்பாலும் 12, 13ஆம் இடங்கள்தாம் மாறுகின்றன. அந்த இரண்டு இடங்கள்தாம் டி.என்.ஏ.யின் எந்த எழுத்தில் புரதம் போய் ஒட்ட வேண்டும் என்று தீர்மானிக்கின்றன என்பதை 2009இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. அவற்றுள் ஒன்று, இருந்த தரவுகளைக் கணினியில் ஒப்பிட்டே அந்த விடைக்கு வந்தது. நீ ஆசைப்படும் துறை இதுதான், மகளே. டெல்டாவில் பரவலாகப் பயிராகும் சம்பா மசூரியில் எக்ஸ்ஏ21 முதலான மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து ஹைதராபாத்தில் ஒரு ரகத்தையே உருவாக்கியிருக்கிறார்கள். உன் அப்பாவின் கேள்விக்கு உலகத்தின் நல்ல மூளைகள் பதில் தேடிக்கொண்டிருக்க, நீயோ அதை விட்டு விலகிப் போவதைத்தான் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் என்று நினைத்திருக்கிறாய்.

பைத்தான் வகுப்பை நீ இரண்டு முறை விட்டதற்கும் காரணம் இதுவே என்பது என் எண்ணம். விடை தெரிந்தே ஆக வேண்டும் என்ற கேள்வி கையில் இல்லாதவருக்கு நிரல் எழுதுவது வெறும் மனப்பாடம். யாருக்கும் அது அலுத்துத்தான் போகும். இந்தப் பாக்டீரியாவின் பல வகைகளுடைய மரபணுத் தொகுதிகள் அமெரிக்காவின் என்சிபிஐ தரவுத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டை இறக்கிக்கொள். மரபணு வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்ட் என்ற மென்பொருளைக் கொண்டு ஒப்பிடு. எந்த மரபணு ஒன்றில் இருக்கிறது, மற்றொன்றில் இல்லை என்று பட்டியல் எடு. தொடக்கத்தில் நிரல் எழுதாமலே பல பகுப்பாய்வுகளைச் செய்ய கேலக்ஸி என்ற இலவசத் தளம் இருக்கிறது. அங்கே நூறு கோப்புகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கிக் களைத்த பிறகு, லினக்ஸ் இயங்குதளமும் பைத்தானும் எதற்கு என்று யாரும் உனக்குச் சொல்ல வேண்டியிருக்காது. அவற்றைவிட முக்கியமாகப் புள்ளியியலைப் படி. நுண்ணுயிரியலிலிருந்து இங்கே வருபவர்கள் பெரும்பாலும் இடறுவது அதில்தான்.

இன்னோர் எம்.எஸ்சி. வேண்டாம். அப்பாவின் இரண்டு போகத்து வருமானத்தை அதில் கரைக்க உனக்கு உரிமை இல்லை. ஆராய்ச்சித் தகுதிக்கான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் உயிர் அறிவியல் தாளை எழுது. மேற்படிப்புக்கான கேட் தேர்வையும் எழுது. நெட்டில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையும் அதற்கு மேல் வீட்டு வாடகைப்படியும் வரும். வீட்டில் கை நீட்டாமல் படிக்கலாம். அதுவரை ரத்தப் பரிசோதனை நிலையத்தைவிட, சோதனை மேசையும் கணினியும் சேர்ந்து இயங்கும் ஓர் ஆய்வகத்தில் திட்ட உதவியாளர் வேலை நல்லது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே துறை இருக்கிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் உனக்குப் பேருந்துத் தூரம். 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கும் ஆடுதுறையும் எட்டாத இடமல்ல. பேராசிரியர்களுக்கு எழுதும்போது ஆர்வம் உள்ளது என்று மட்டும் எழுதாதே. நீ ஒப்பிட்டுப் பார்த்த இரண்டு மரபணுத் தொகுதிகளைப் பற்றி அரைப் பக்கம் எழுது.

ஆராய்ச்சிக்குப் பிறகு என்ன என்று கேட்டாய். பிஎச்.டி. முடித்த எல்லாரும் பேராசிரியர் ஆவதில்லை. பெரும்பாலோர் ஆவதில்லை என்றே வைத்துக்கொள். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் மரபணு வரிசைத் தரவுகளைப் பகுத்துத் தரும் நிறுவனங்கள், விதை நிறுவனங்கள், மருத்துவமனை ஆய்வகங்கள் என்று வேலைகள் உண்டு. அவற்றில் பல உன்னை ஊரைவிட்டு வெகுதூரம் கொண்டுபோகும். தூரம் போவதில் தவறில்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளை மாதா மாதம் பணம் அனுப்பினால் கடமை முடிந்தது என்ற எண்ணத்தை மட்டும் நான் ஏற்பதில்லை. கற்ற கல்வியில் பெற்றவர்களுக்குப் பங்கு உண்டு. அவர்கள் கேட்கும்போது உட்கார்ந்து விளக்கிச் சொல்வது அந்தப் பங்கைத் தருவது.

கல்யாணத்துக்காக ஆராய்ச்சியைத் தள்ளிப்போடாதே. ஆராய்ச்சியை மறைத்துக் கல்யாணமும் செய்துகொள்ளாதே. “பெண் இன்னும் ஐந்து வருடம் ஆராய்ச்சி செய்வாள், உதவித்தொகை வரும், வெளியூரில் தங்க வேண்டியிருக்கும், எங்களையும் கவனித்துக்கொள்வாள்” என்று முதல் பேச்சிலேயே மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும். அதை உன் அப்பா தன் வாயால், தயங்காமல் சொல்ல வேண்டும். நீ என்ன செய்யப் போகிறாய் என்று தெரியாத மனிதரால் அதைச் சொல்ல முடியாது. அடுத்த வரன் வருவதற்கு முன்பாக ஒரு மாலை அவரோடு வயலுக்குப் போய், போன சம்பாவில் சொல்லாமல் விட்டதையும் இனி நீ செய்யப் போவதையும் சேர்த்தே சொல்லிவிடு.