பூட்டு பிறகு, முதலில் அந்த இரண்டாவது சாவி எங்கே?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் ஒரு புரோக்கர் மூலம் பழைய கார் வாங்கினேன். வீட்டில் இடமில்லாததால் தெருவில்தான் நிறுத்துகிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு கார் இரவோடு இரவாகக் காணாமல் போனதிலிருந்து தூக்கமில்லை. ஜிபிஎஸ் கருவி ஒன்று போதும் என்கிறார் கடைக்காரர். எந்தப் பூட்டு வாங்கலாம்? காருக்குக் காப்பீடு இருக்கிறது. வாங்கும்போது ஒரு சாவிதான் தந்தார்கள். ஆர்சி புத்தகம் விரைவில் என் பெயருக்கு மாறிவிடும் என்கிறார் புரோக்கர்.

பதில்: நீங்கள் பூட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளைத் தாண்டவில்லை. ஒரு சாவிதான் தந்தார்கள், ஆர்சி இன்னும் மாறவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிவதற்கு முன்பிருந்தே மோட்டார் காப்பீட்டு இழப்பீடுகளை ஆய்வு செய்து வருகிறேன். காரைப் பறிகொடுத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தவர்களில் பலரை, வண்டி போனதைவிடப் பணமும் வராது என்ற செய்திதான் நொறுக்கியது. அந்தச் செய்தி பெரும்பாலும் இந்த இரண்டு காரணங்களால்தான் வந்தது.

முதலில் சாவி. புதுக் காருக்கு நிறுவனங்கள் வழக்கமாக இரண்டு சாவிகள் கொடுக்கின்றன. உங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது என்றால் மற்றொன்று வேறு யாரிடமோ இருக்கிறது. பழைய உரிமையாளரின் மேசை இழுப்பறையில் இருக்கலாம், அவரிடம் வேலை பார்த்து நின்றுவிட்ட டிரைவரிடம் இருக்கலாம், புரோக்கர் கடைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டும் இருக்கலாம். ‘தொலைந்துவிட்டது சார்’ என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். கண்ணாடி உடைக்காமல், அலாரம் அலறாமல், உங்கள் வாசலிலிருந்து காரை ஓட்டிப்போக அந்த ஒரு சாவி போதும். அப்படிச் சாவியோடு வருகிறவனைப் பார்த்துத் தெருநாய்கூடக் குரைக்காது.

இதற்கு வழி இருக்கிறது, அதிகச் செலவும் இல்லை. இப்போது ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் சாவியின் தலைப்பகுதிக்குள் சிறிய சிப் ஒன்று இருக்கும். கார் அதை அடையாளம் கண்டால்தான் இஞ்சின் உயிர் பெறும். இம்மொபிலைசர் என்பது இதுதான். உங்கள் கார் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போய், பதிவாகியிருக்கும் எல்லாச் சாவிகளையும் அழித்துவிட்டு, கையில் இருப்பதையும் புதிதாக வாங்கும் ஒன்றையும் மட்டும் பதியச் சொல்லுங்கள். அதன்பிறகு அந்தப் பழைய சாவி கதவைத் திறக்கலாம், ஆனால் இஞ்சினை எழுப்ப முடியாது. கையோடு ரசீதில் ‘பழைய சாவிப் பதிவு நீக்கப்பட்டது’ என்று எழுதி வாங்குங்கள். ஒருநாள் அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றும்.

எப்படி என்று சொல்கிறேன். திருட்டு இழப்பீடு கேட்டு வருகிறவரிடம் காப்பீட்டு நிறுவனம் இரண்டு சாவிகளையும் கேட்கும். என் மேசைக்கு வரும் சாவிகளை விளக்கின் கீழே பிடித்து லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். அன்றாடம் புழங்கும் சாவியின் முனை மழுங்கியிருக்கும், பொத்தானில் இருக்கும் பூட்டுப் படம் பாதி அழிந்திருக்கும். பீரோவில் கிடந்த சாவி புதுக்கருக்கு மாறாமல் இருக்கும். நகல் போடுவதற்காக இயந்திரத்தில் வைத்த அசல் சாவியாக இருந்தால், அதன் பற்களின் விளிம்பை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று ஓடியிருக்கும். அந்தக் கோடு தெரிந்துவிட்டால், நகல் எடுத்தது யார், எப்போது, எதற்கு என்று கேள்விகள் கிளம்பும். பதில் சொல்ல முடியாமல் நிற்பவர் வண்டியின் சொந்தக்காரராகத்தான் இருப்பார். ஆகவே சாலையோரத்தில் நகல் சாவி போடுவது வேண்டவே வேண்டாம்.

இப்போது ஆர்சி. நான்கு மாதம் என்பது மிக அதிகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவுப்படி, வண்டி கைமாறினால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் புரோக்கர் அதைச் செய்யவில்லை. இவர்களில் பலர் செய்யும் வேலை எனக்கு அத்துப்படி. விற்கிறவரிடம் படிவம் 29-லும் 30-லும் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள், வாங்குகிறவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். அந்த வெற்றுப் படிவம் கையில் இருக்கும்வரை அந்தக் காகிதத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். பணம் கொடுத்தது நீங்கள், வண்டி நிற்பது உங்கள் வாசலில். ஆனால் அந்த வண்டியின் தலையெழுத்து புரோக்கரின் மேசைக்குள் கிடக்கிறது. இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. பெயர் மாற்றத்துக்கு இன்று இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணமும் பெரிதல்ல. இருந்தும் படித்தவர்கள்கூட ஓர் இடைத்தரகரின் பின்னால் மாதக்கணக்கில் அலைகிறார்கள். அலுவலக நடைமுறைகளை எளிய மனிதனுக்குப் புரியாத மொழியில் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

பழைய உரிமையாளரிடம் நேரடியாகப் பேசுங்கள். அவர் தயங்கினால் ஒரு செய்தியைச் சொல்லுங்கள்: வண்டியை விற்றுவிட்டாலும், பதிவில் பெயர் இருக்கும்வரை விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கையெழுத்துப் போட அவரே ஓடி வருவார்.

‘காப்பீடு இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். யார் பெயரில் இருக்கிறது? வண்டி கைமாறும்போது மூன்றாம் நபருக்கான காப்பீடு சட்டப்படி தானாகவே வண்டியோடு வந்துவிடும். திருட்டுக்கான பாதுகாப்பு அப்படி வராது. 14 நாட்களுக்குள் நீங்கள் விண்ணப்பித்து உங்கள் பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். இன்றிரவு கார் போனால், விற்றுவிட்டவருக்கு இழப்பு எதுவும் இல்லை, இழந்த உங்களுக்கோ பாலிசி இல்லை. நிறுவனம் இரண்டு பேரையும் கைகழுவிவிடும். பாலிசித் தாளைக் கையில் எடுத்து, சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் என்ற வரியைத் தேடுங்கள். அங்கே தொகை எதுவும் இல்லையென்றால் உங்களிடம் இருப்பது மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே. திருடு போனால் அதில் ஒரு காசும் வராது. பிரீமியத்தைக் குறைக்கிறேன் என்று சொல்லி வண்டியின் மதிப்பைக் குறைத்துப் போடும் ஏஜென்டுகளும் இருக்கிறார்கள். வண்டி போகும் நாளில் அந்தக் குறைந்த மதிப்புதான் உங்கள் கைக்கு வரும்.

பாஸ்டேக் யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். திருடியவன் உங்கள் காரை நெடுஞ்சாலையில் பெங்களூரு பக்கம் ஓட்டினால் பள்ளிகொண்டா சுங்கச்சாவடி, சென்னைப் பக்கம் ஓட்டினால் வாலாஜாபேட்டை சுங்கச்சாவடி. அந்த ஸ்டிக்கரைக் கிழிக்க அவன் மறந்திருந்தால், பணம் கழிந்த குறுஞ்செய்தி அடுத்த நிமிடமே கைப்பேசிக்கு வந்துவிடும். எந்தப் பக்கம், எத்தனை மணி என்று போலீசுக்குச் சொல்ல இதைவிட நல்ல துப்பு கிடையாது. ஸ்டிக்கர் இன்னும் பழைய பெயரிலேயே இருந்தால் அந்தச் செய்தி உங்களுக்கு வராது, நல்ல தூக்கத்தில் இருக்கும் பழைய உரிமையாளருக்குப் போகும்.

சரி, பூட்டுக்கு வருகிறேன். ஜிபிஎஸ் கருவி திருட்டைத் தடுக்காது. போன வண்டி எங்கே போகிறது என்று காட்டும், அதுவும் சிம் கார்டுக்குப் பணம் கட்டியிருந்தால். கடைக்காரர் வழக்கமாக அதை டேஷ்போர்டுக்குக் கீழே, கை எட்டும் இடத்தில் ஒட்டிவிடுவார். அனுபவமுள்ள திருடனும் முதலில் அங்கேதான் கை வைப்பான். பொருத்துவதானால் இருக்கைக்கு அடியிலோ பின்பக்கத்திலோ மறைவாகப் பொருத்தச் சொல்லுங்கள். ‘இதைப் போட்டால் காப்பீட்டில் பெரிய தள்ளுபடி’ என்று சொன்னால் நம்பாதீர்கள். பல காலமாக இருக்கும் விதிப்படி, அராய் (ARAI) என்ற இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கத்தின் சான்று பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய்தான் கழிவு.

தெருவில் நிறுத்தும் உங்களுக்கு நான் சொல்வது கியர் பூட்டு. காரின் உள்தரையோடு போல்ட் போட்டு முடுக்கிய இரும்புப் பூட்டு. கூடவே ஸ்டீயரிங்கில் மாட்டும் தடியும் இருந்தால் நல்லது, வெளியிலிருந்தே கண்ணில் படும். திருடனுக்கு நேரம்தான் எதிரி. பக்கவாட்டுக் கண்ணாடியை உடைத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டர் இணைப்பில் கருவியைச் செருகிப் புதிய சாவியைப் பதிய அவனுக்குச் சில நிமிடங்கள் போதும். இரும்பை அறுப்பதற்கு அந்தச் சில நிமிடங்கள் போதாது. உங்கள் கார் பொத்தான் அழுத்திக் கிளப்பும் ரகமாக இருந்தால் சாவியை வாசல் கதவருகே ஆணியில் மாட்டாதீர்கள், அதன் சிக்னலை வெளியிலிருந்தே பிடித்துக் காரைக் கிளப்பிவிடுவார்கள்; மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு உள்ளறையில் வையுங்கள். இரவில் தெருவிளக்கின் கீழே, வண்டியின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்துங்கள்.

நம் ஊருக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. சிஎம்சி மருத்துவமனைக்கு வருகிறவர்கள் காந்தி ரோடு பக்கம் இடம் தேடி அலைந்து, கடைசியில் ஏதாவது ஒரு தனியார் நிறுத்துமிடத்தில் விடுவார்கள். ‘வண்டியை நகர்த்த வேண்டியிருக்கும், சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்’ என்பார் அங்கிருப்பவர். கொடுக்காதீர்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வண்டி எண் எழுதிய டோக்கன் வாங்குங்கள். ‘வண்டிக்கு அதன் உரிமையாளரே பொறுப்பு’ என்று அதில் அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். தில்லியில் ஒரு நட்சத்திர விடுதியில் சாவியை வாங்கி நிறுத்திய கார் திருடு போன வழக்கில், அந்த அச்சு வரியைக் காட்டித் தன் கவனக்குறைவிலிருந்து விடுதி தப்பிக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கியபோது திருடு போனால் இழப்பீடே கிடையாதா என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். நிறுவனங்கள் அப்படித்தான் சொல்லி மறுக்கும். ஆனால் ஒரு லாரி வழக்கு இருக்கிறது. டிரைவர் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு வழி விசாரிக்க இறங்கினார், லாரி போய்விட்டது. வழக்கு நுகர்வோர் ஆணையங்களைக் கடந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. அது கவனக்குறைவுதான், ஆனால் பாலிசியையே உடைக்கும் அளவுக்கான மீறல் அல்ல என்று சொல்லி, 2023-இல் 75 சதவீதம் கொடுக்க உத்தரவிட்டது நீதிமன்றம். கவனியுங்கள், 75 சதவீதம்தான், முழுத்தொகை இல்லை. அதுவும் வழிகேட்கச் சிறிது நேரம் இறங்கியவருக்கு. சாவியைத் தொங்கவிட்டு வீட்டுக்குள் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியவருக்கும் இதே தீர்ப்பு கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். அந்த லாரிக்காரர் உச்ச நீதிமன்றம் வரை ஏற வேண்டியிருந்தது என்பதையும் மறக்காதீர்கள். ஆனால் உங்களுக்கு இப்படி ஒரு மறுப்புக் கடிதம் வந்தால் அதோடு முடிந்தது என்று மடித்து வைத்துவிடவும் வேண்டாம். ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணமில்லை.

எல்லாம் செய்தும் ஒருநாள் காலையில் வாசல் காலியாக இருந்தால், முதலில் 100-க்கோ 112-க்கோ போன் செய்யுங்கள். காட்பாடி தாண்டிச் சித்தூர் சாலையில் போனால் சிறிது நேரத்தில் ஆந்திர எல்லை வந்துவிடும், ஆகவே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அடுத்து காவல் நிலையம். இங்கேதான் என் பொறுமை எப்போதும் போகிறது. மனுவை வாங்கிக்கொண்டு மனு ஏற்பு ரசீது ஒன்றைக் கொடுத்து, ‘தேடுகிறோம், இரண்டு நாள் கழித்து வாருங்கள்’ என்பார்கள். அந்த ரசீது முதல் தகவல் அறிக்கை ஆகாது. காப்பீட்டு நிறுவனம் அதை ஏற்காது. திருட்டுப் புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்று சொல்லவும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தரவில்லை. மறுத்தால் 173-ஆவது பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். கம்மவான்பேட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் பதினோரு நாள் அந்த ரசீதை வைத்துக்கொண்டு நிலையத்துக்கு நடந்தார். நாட்டுக்கு உழைத்த மனிதரை ஒரு பதிவு எண்ணுக்காகப் பெஞ்சில் உட்காரவைத்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், காரணமில்லாமல் தள்ளிப்போட வேண்டாம்.

நாளைக் காலையிலேயே தொடங்குங்கள். பழைய உரிமையாளரை அழைத்துக்கொண்டு புரோக்கரிடம் போங்கள். இரண்டாவது சாவியைக் கேளுங்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போட்ட படிவங்களை வாங்கி, உங்கள் பெயரை அங்கேயே, அவர் கண்ணெதிரிலேயே பேனாவால் எழுதுங்கள். ‘வைத்துவிட்டுப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அவர் சொன்னாலும் அந்தத் தாள்களை அந்தக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.