தஞ்சை ஏடுகளும் கணக்குகளும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கட்டடக்கலை படிக்கிறேன். மராட்டியர் காலத்தில் தஞ்சை அரண்மனைக் கட்டடங்களை எப்படிக் கட்டினார்கள், பழுதுபார்த்தார்கள் என்று அறிய சரஸ்வதி மகால் நூலகத்தில் எதைக் கேட்க வேண்டும்?
— வாசகி, கும்பகோணம்

பதில்: பலரும் சிற்ப நூல் சுவடிகளைத்தான் முதலில் கேட்கிறார்கள். கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று அவை சொல்லும். இந்த ஊரில் எப்படி இருந்தது என்று சொல்லாது. அதற்கு மோடி ஆவணங்கள்தான் வேண்டும். மராத்தியை வேகமாக எழுதப் பயன்பட்ட எழுத்து மோடி. அரண்மனையின் அன்றாடச் செலவுகள் அதில்தான் பதிவாயின. சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல் எழுதியிருப்பதால், மராத்தி தெரிந்தவரும் பழகாமல் படிக்க முடியாது. தமிழ்ப் பல்கலைக்கழகம் 3 தொகுதிகளாக வெளியிட்ட தமிழாக்கத்தை முதலில் பாருங்கள். வேண்டிய பதிவைக் குறித்துக்கொண்டு, பிறகு மூலத்தைக் கேளுங்கள்.

பலரும் சறுக்குவது ஆண்டுக் கணக்கில். ஆவணத்தில் சக ஆண்டு (பழைய இந்திய ஆண்டுக்கணக்கு) இருந்தால், ஆங்கில ஆண்டைப் பெற அதோடு 78 கூட்டுங்கள். ஜனவரி முதல் பங்குனி வரை 79. எடுத்துக்காட்டாக, பெரிய கோயில் சுவரில் உள்ள போன்சலே வம்ச (தஞ்சை மராட்டிய அரசர் குலம்) வரலாற்றுக் கல்வெட்டு சக 1725, அதாவது 1803. சுகூர் ஆண்டு (மராட்டியர் பயன்படுத்திய இன்னொரு ஆண்டுக்கணக்கு) வந்தால் ஜூன் முதல் டிசம்பர் வரை 599, மற்ற மாதங்களுக்கு 600 கூட்டுங்கள். இதை அரபு எண்ணுப்பெயர்களால் எழுதியிருப்பார்கள். ஆள்பெயர் என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: பரணில் ஓர் ஓலைச்சுவடிக் கட்டு கிடைத்தது. எழுத்து மங்கியிருக்கிறது. நல்லெண்ணெய் தடவலாமா?
— வாசகர், திருவையாறு

பதில்: வேண்டாம். பிசுக்கு தங்கித் தூசியைப் பிடிக்கும். தண்ணீரும் படக்கூடாது. ஏட்டெண் வரிசை குலையாமல் ஒவ்வொன்றையும் படமெடுத்துவிட்டு, மெல்லிய தூரிகையால் நீளவாட்டில் தூசி தட்டுங்கள். அடுத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, எழுத்து எழுத்தாணியால் கீறியதா, மையால் எழுதியதா என்று பாருங்கள். கீறியதென்றால் சிட்ரோனெல்லா எண்ணெயில் விளக்குக்கரியைக் குழைத்துப் பஞ்சால் ஒற்றி, உடனே பருத்தித் துணியால் துடையுங்கள். கரி கீறலில் மட்டும் நிற்கும். மையால் எழுதிய ஏட்டில் இதைச் செய்தால் எழுத்தே போய்விடும்.

இருபுறமும் மரச்சட்டம் வைத்துக் கட்டுங்கள். கயிற்றை இறுக்கினால் துளை கிழியும், தளர்த்தினால் ஏடு வளையும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை அடைத்துவைக்கும்; பருத்தித் துணியே போதும். சரஸ்வதி மகால் முறைப்படி வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கம், மிளகு, பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்து முடிச்சாக வையுங்கள். வாசம் போனதும் மாற்ற வேண்டும். இது பூச்சியை விரட்டுமே தவிர, ஏற்கெனவே உள்ளே குடியிருப்பதைக் கொல்லாது. பூச்சி அரித்த துளைகளிலிருந்து புதிதாகத் தூள் உதிர்ந்தால் அந்தக் கட்டைத் தனியே வையுங்கள். ஒட்டிக்கொண்ட ஏடுகளைப் பிரிக்க முயலாமல், அப்படியே நூலகத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கு எடுத்துச் செல்லுங்கள்.