சிங்கப்பூர் போன்ற சின்ன நாட்டில் சூரிய மின்சாரத்துக்காக இயற்கையை இழக்கத்தான் வேண்டுமா?

பள்ளித் திட்டப்பணிக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வேண்டியதில்லை, கூரைகளை முதலில் முடித்தால். பதினோரு வருஷமாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்குகளின் உச்சியில் சோலார் தகடு பொருத்துகிறவன் நான். அதனால் சோலாருக்கு எதிரி என்று என்னைச் சொல்லிவிட வேண்டாம். நம் மின்சாரத்தில் கிட்டத்தட்ட 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்து வருகிறது. அது மாறியே ஆகவேண்டும்.

2019ல் சுவா சூ காங்கில் ஒரு புளோக். அலுமினியச் சட்டம் பூட்டிவிட்டு, மறுவாரம் தகடுகளோடு ஏறினால், சட்டத்தின் மூலையில் நாலைந்து குச்சி, காய்ந்த புல், மேலே ஒரு மெர்போக் புறா. கிட்டே போயும் அசையவில்லை, தொண்டை மட்டும் துடித்தது. அடியில் இரண்டு வெள்ளை முட்டைகள்.

"எடுத்து ஓரமா வைப்பா" என்றார் மேற்பார்வையாளர்.

"அண்ணே, இடம் மாத்தினா தாய் திரும்பி வராதுண்ணே. அந்த வரிசையைக் கடைசியில போடுவோம்" என்று கெஞ்சினேன். முறைத்துவிட்டு, சரி என்றார். ஒரு மாதம் கழித்துக் கூடு காலி. அன்று மதியமே அந்த வரிசையைப் பூட்டிவிட்டோம்.

கூரையில் அவ்வளவுதான் செலவு. தண்ணீரில் அப்படியில்லை. 2021 ஜூலையில் திறந்த தெங்கே நீர்த்தேக்க மிதவை சோலார் பண்ணை 45 ஹெக்டர், 122,000 தகடுகள், 60 மெகாவாட். வெளிச்சமும் காற்றும் இறங்க இடைவெளி விட்டிருக்கிறார்கள், நல்ல வேலை. ஆனால் கிராஞ்சி நீர்த்தேக்கத்திலும் போடத் திட்டமிருக்கிறது, எனக்குப் பயம் அங்கேதான். ஒட்டினாற்போல் சதுப்புநிலம், தாழைக்கோழி நாணலுக்குள் திரிகிற இடம். தெங்கேயில் சரியாக வந்தது இங்கேயும் வரும் என்று யாராவது சொன்னால், இந்தத் தண்ணீரில் எந்தப் பறவை எந்த மாதம் இறங்குகிறது என்று கேளுங்கள்.

கூரை மட்டும் போதாதே என்பீர்கள். போதாது, தெரியும். ஆனால் தீர்ந்துவிட்டதா? துவாஸில் ஒரு தொழிற்சாலைக் கூரையைக் கேட்டோம். குத்தகை இன்னும் சில வருஷம்தான், போட்ட காசு திரும்பாது என்று முதலாளி மறுத்தார். அவர் கணக்கு சரிதான். அந்தத் தகரக் கூரை இன்னும் சும்மாவே காய்கிறது.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். விடிகாலையில் குயில் கூவித் தூக்கம் கெடுகிறதென்று புகார் எழுதுகிறவர்கள் என் புளோக்கிலேயே இருக்கிறார்கள். காட்டைக் காப்பாற்றச் சொல்லும் செய்திகளை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் அவர்கள்தான். போன வருஷம், குயில் வந்து உட்கார்ந்த அங்சானா மரக்கிளையை வெட்டவைத்துவிட்டார்கள்.