மோதல் வாங்கிய கடலடிக் குழாய்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: எங்கள் குழாய்மேல் 2 டன் பொருள் விழுந்தால் தாங்குமா?

ப: எந்தக் குழாய்? விட்டம், சுவர்த் தடிப்பு, எஃகின் தரம், கான்கிரீட் உறை உண்டா இல்லையா என எதையுமே எழுதாமல் கேட்டிருக்கிறீர்கள். இவற்றை எழுதுங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது! ஓர் உதாரணம் தருகிறேன். 20 அங்குலம், 12.7 மி.மீ. தடிப்பு, எக்ஸ்65 தர எஃகு, உறையில்லாத குழாய். விட்டத்தில் 5 சதவீதம் நசுங்க, டிஎன்வி எஃப்107 (கடலடிக் குழாய்ப் பாதுகாப்புக்கான வழிகாட்டி) சூத்திரப்படி ஏறக்குறைய 9 கிலோஜூல் போதும். 2 டன் பொருள் விநாடிக்கு 5 மீட்டரில் இறங்கினாலே 25 கிலோஜூல். அது இழுத்துவரும் நீரின் நிறை தனி. அந்த 25 கிலோஜூலும் குழாயில் இறங்கினால் நசுங்கல் 10 சதவீதத்தைத் தொடும். தடிப்பை 19 மி.மீ. ஆக்கினால் அந்த 9 என்பது 16 ஆகும். தடிப்பு எவ்வளவு என்று ஏன் கேட்கிறேன் என இப்போது புரியும்.

கே: ஆழம் கூடக்கூட அடியும் பலமாகுமா?

ப: ஆகாது. 50 முதல் 100 மீட்டருக்குள் பொருள் தன் முற்று வேகத்தை, அதாவது அதற்குமேல் கூடாத வேகத்தை, எட்டிவிடும். இன்னும் ஆழம் போனால் கூடுவது, விழும் இடம் பக்கவாட்டில் விலகுவதுதான். நீளமான துளைக்குழாய்கள் சாய்ந்து வழுக்கிக்கொண்டே போகும். கிரேனுக்கு நேர்கீழே மட்டும் பாதுகாப்புப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

கே: நங்கூரம் உரசியது. ஆர்.ஓ.வி. (மேலிருந்து இயக்கும் நீரடிக் கேமரா இயந்திரம்) அனுப்பிப் பார்த்தோம். கசிவில்லை, அழுத்தமும் இறங்கவில்லை. இயக்கத்தைத் தொடரலாம்தானே?

ப: கூடாது. கசிவில்லை என்றால் இன்று ஓட்டையில்லை என்றுதான் அர்த்தம், குழாய் நன்றாக இருக்கிறது என்றல்ல. நார்வேயின் க்விடெபியோர்ன் வாயுக் குழாயை நங்கூரம் ஒன்று 50 மீட்டருக்குமேல் நகர்த்திவிட்டது 2007 நவம்பரில் தெரியவந்தது. ஆராய்ந்து பார்த்துத்தான் மீண்டும் இயக்கினார்கள். 2008 ஆகஸ்டில் கசிந்தது. கலிஃபோர்னியாவின் சான் பெட்ரோ விரிகுடாவில் 2021 ஜனவரிப் புயலில் நங்கூரங்கள் 16 அங்குல எண்ணெய்க் குழாயை 30 மீட்டர் போல இழுத்தன. எண்ணெய் வெளியேறியது அக்டோபரில்! நடுவில் எட்டு மாதத்துக்குமேல் அந்தக் குழாய் வேலை செய்துகொண்டிருந்தது.

காரணம் இதுதான். நங்கூரம் நசுக்கும்போது கூடவே கீறவும் செய்கிறது. கீறிய இடத்தில் எஃகின் மேற்பரப்பு இறுகி, மெல்லிய விரிசல்கள் விழுகின்றன. உள்ளழுத்தம் நசுங்கலை வெளியே தள்ளுவதால் அது ஆழம் குறைந்து தெரியும். நீங்கள் அளப்பது மோதிய கணத்து ஆழத்தை அல்ல. பிறகு ஒவ்வோர் அழுத்த ஏற்ற இறக்கத்துக்கும் விரிசல் கொஞ்சம் நீள்கிறது. வழுவழுப்பான 5 சதவீத நசுங்கலைவிடக் கீறல் விழுந்த 2 சதவீத நசுங்கலுக்குத்தான் நான் பயப்படுவேன். முதலில் அழுத்தத்தைக் குறையுங்கள். உறையை அகற்றி எஃகைப் பாருங்கள், விரிசல் சோதனை செய்யுங்கள், காலிப்பர் பிக் (குழாய்க்குள் ஓடி உள்வடிவை அளக்கும் கருவி) ஓட்டுங்கள், இடம்பெயர்ந்த நீளம் முழுவதையும் அளந்து வளைவைக் கணக்கிடுங்கள். கேமராப் படத்தை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

கே: இழுவைமடிப் பலகை (மீன்பிடி மடியின் வாயை விரித்துப் பிடிக்கும் கனத்த பலகை) குழாயை உடைக்குமா?

ப: பெரிய குழாயை உடைப்பது அரிது. வட கடலில் 16 அங்குலத்துக்கு மேற்பட்டவற்றைப் பல காலம் புதைக்காமலே விட்டிருந்தார்கள். அங்கே ஆபத்து படகுக்குத்தான். 1997-இல் வெஸ்ட்ஹேவன் என்ற ஸ்காட்லாந்து இழுவைப் படகின் மடி கடலடிக் குழாயில் சிக்கிப் படகு மூழ்கியது. நான்கு மீனவர்களும் இறந்தார்கள். இப்படிச் சிக்காதிருக்க, குழாயின் அடியில் மண் அரித்துப்போய் அது அந்தரத்தில் நிற்கும் இடங்களைத் தள்ளிப்போடாமல் நிரப்புங்கள்.

கே: கான்கிரீட் உறை இருக்கும்போது கவலை எதற்கு?

ப: உறை இருப்பது முதலில் எடைக்காக. அடியையும் வாங்கிக்கொள்ளும், ஆனால் நொறுங்கிய இடத்தில் அடுத்த அடி நேராக எஃகில்தான்.

கே: நங்கூரத்தைச் சமாளிக்கச் சுவரைத் தடிப்பாக்கினால் போதாதா?

ப: போதாது. விழும் பொருளுக்கு அது உதவும். நங்கூரம் கொக்கிபோல் மாட்டி இழுக்கும். 2007-இல் இங்கிலாந்தின் டீஸைட் அருகே ஒரு டேங்கரின் நங்கூரம் 36 அங்குல வாயுக் குழாயையே தூக்கி 6 மீட்டர் போல நகர்த்தியது. ஆழப் புதையுங்கள், மேலே பாறை கொட்டுங்கள், கப்பல்கள் நங்கூரமிடும் இடத்திலிருந்து பாதையை விலக்குங்கள்.