கலரியைக் கடைசியாக் கட்டுங்கோ

யாழ்ப்பாணத்து வலிகாமம் பக்கத்தில இருந்து ஒரு விளையாட்டுக் கழகச் செயலாளர் கேட்டிருக்கிறார்: "எங்கட மைதானம் 40 பரப்பு (ரெண்டரை ஏக்கர்), 130 மீற்றர் நீளம், 78 மீற்றர் அகலம். உதைபந்தாட்டம், வலைப்பந்து, பின்னேர நடை, திருவிழா இசைநிகழ்ச்சி எல்லாத்துக்கும் ஏத்தமாதிரித் திருத்த வெளிநாட்டில இருக்கிற ஊராக்கள் காசு தாறமெண்டு சொல்லீனம். முதல்ல கலரி (சனம் இருந்து பாக்கிற படிக்கட்டு) கட்டலாமோ?"

தம்பி, கலரி வேண்டாம் எண்டில்ல, ஆனா முதல் காசு தண்ணிக்குத்தான் போகவேணும். ஐப்பசியில இருந்து மார்கழி மட்டும் மைதானத்தில தண்ணி நிண்டா ஒரு விளையாட்டும் நடக்காது, கலரி மட்டும் தனிய நிக்கும். உதைபந்தாட்டப் பிட்ச்சின்ர நடுவை உயர்த்தி ரெண்டு பக்கமும் நூறுக்கு ஒண்டு எண்ட சரிவு குடுங்கோ, 60 மீற்றர் அகலமெண்டா நடு 30 சென்ரிமீற்றர் உயரும், நிண்டு பார்த்தா கண்ணுக்குத் தெரியாது, பந்துக்கும் தெரியாது. ஓரத்து வாய்க்கால் தண்ணியைப் பக்கத்துக் குளத்துக்கோ நிலத்துக்குள்ள இறக்கிற கிடங்குக்கோ கொண்டுபோகவேணும், றோட்டுக்கு இல்ல. எங்கட சுண்ணாம்புக்கல்லுக்குள்ள இறங்கிற மழைத்தண்ணிதானே கிணத்தில வாறது, அதால முழுக்கக் கொன்கிரீற் போடச் சொல்லி ஆராவது கேட்டா விடாதேங்கோ.

அடுத்தது அளவு. 400 மீற்றர் ட்ராக் போடச் சொல்லி நிச்சயம் ஒருத்தர் கேப்பார், எட்டு லேனோட அதுக்குக் கிட்டத்தட்ட 177 மீற்றர் நீளமும் 93 மீற்றர் அகலமும் வேணும், உங்கட காணிக்குள்ள அடங்காது. அதைச் சின்னதாக்கிச் செருக வெளிக்கிட்டா பிட்ச்சும் கெடும் ட்ராக்கும் கெடும். லண்டனில 2012 ஒலிம்பிக்குக்குக் கட்டின ஸ்ரேடியத்தைப் பிறகு உதைபந்தாட்டத்துக்கும் மாத்த 30 கோடி பவுணுக்கு மேல செலவு, இவ்வளவு செலவழிச்சும் ட்ராக் இருக்கிறதால ஆட்டம் பாக்கிற சனம் பிட்ச்சுக்குத் தூரமா இருக்கினம் எண்ட குறை நிக்குது. நீங்கள் 100 x 60 பிட்ச் வைச்சு சுத்திவர 3 மீற்றர் விட்டா, நீளப்பக்கத்தில 100 மீற்றர் ஓட்டத்துக்கு நேர் ட்ராக் நாலு லேன் வரும், ஒரு லேன் 1.22 மீற்றர்.

பிட்ச்சை ஒரு தொங்கலுக்குத் தள்ளி வையுங்கோ, மற்றத் தொங்கலில 24 மீற்றர் மிஞ்சும். இதுதான் உங்கட காணியின்ர பொன். அதில 37 x 21.5 மீற்றரில ஒரே ஒரு கொன்கிரீற் தளம் போடுங்கோ. வலைப்பந்துக் கோர்ட் 30.5 x 15.25, அதுக்குள்ள கரப்பந்தாட்டக் கோர்ட்டும் வேற நிறத்தில கோடு போட்டு வரும். திருவிழாவில மேடை இந்தத் தளத்திலதான், லொறி, ஜெனரேற்றர் எல்லாம் வேலிப்பக்கத்தால இதுக்குத்தான் வரவேணும், புல்லுக்கு மேல ஏறக் கூடாது, ஈரத்தில ஒருக்கா லொறி ஏறினாலே மண் இறுகிப் புல்லு அடுத்த மாரிக்கும் எழும்பாது. அதால மழைக்காலத்தில பிட்ச்சில இசைநிகழ்ச்சியே இல்லை எண்டு எழுதிவையுங்கோ.

லைற்றைத் தளத்துக்கும் நடைபாதைக்கும் தனித்தனிச் சுவிச்சில போடுங்கோ, முழு மைதானத்தையும் ஒருக்கா எரிய விட்டா கரண்ட் பில்லைக் கழகம் தாங்காது. லைற்றை அக்கம்பக்கத்து வீட்டுக்குள்ள விழாம கீழ்நோக்கித் திருப்புங்கோ. நடைபாதை 2.4 மீற்றர் அகலம், ரெண்டுபேர் சோடியா நடக்கலாம், சக்கர நாற்காலிக்கும் சறுக்குப் பாதை 12க்கு ஒண்டு சரிவு. பெண்களுக்குத் தனி மலசலகூடம் கட்டாயம், மூடின செப்ரிக் ராங்க்தான், மலத்தைக் கிடங்கு வெட்டி விட்டா ஊர்க் கிணறுகள் பழுதாகும்.

காசு மிஞ்சினா சின்னக் கலரி, கீழ சாமான் அறை. அதுக்கு முதல் காணி உறுதி ஆற்ற பேரில எண்டு பாருங்கோ, பிரதேச சபையிட்ட அனுமதி எடுங்கோ.

பிறகு நேர அட்டவணை எழுதேக்க முதல்ல பெட்டையளின்ர வலைப்பந்து நேரத்தை எழுதிப்போட்டு, மிச்சத்தைப் பெடியளுக்குப் பிரியுங்கோ.