வடிகால் கட்டியும் வடியாத தண்ணீர்

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வேளச்சேரியில் எங்கள் தெருவில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அதற்கு முன்பே புதிய மழைநீர் வடிகால் கட்டியிருந்தார்கள். சீரமைப்பு, தூர்வாரல் என்று பொதுப்பணித் துறைக்கு மேலும் மேலும் பணம் ஒதுக்குவதால் பயன் உண்டா?

பதில்: பணம் முதலில் எங்கே இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் தெரு வடிகாலைக் கட்டியது மாநகராட்சி. அந்தத் தண்ணீர் தங்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வனத் துறையிடம் இருக்கிறது. அங்கிருந்து வெளியேற்றும் ஒக்கியம் மடுவும் பக்கிங்காம் கால்வாயும் நீர்வளத் துறையின் பொறுப்பு. (முன்பு பொதுப்பணித் துறைக்குள் இருந்த அதற்கு 2021-இல் தனி அமைச்சர் வந்துவிட்டார், ஆனாலும் திட்டும்போது நமக்குப் பழைய பெயர்தான் வாயில் வருகிறது.) தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, மடுவைக் கடந்து, கால்வாயில் தெற்கே ஓடி முட்டுக்காட்டில்தான் கடலைச் சேர வேண்டும். புயலின்போது கடல்மட்டம் உயர்ந்து முகத்துவாரத்தில் எதிர்த்துத் தள்ள, கால்வாயின் நீர்மட்டம் உங்கள் வடிகாலின் வாய்க்கு மேலே நின்றுவிட்டால், எத்தனை கோடிக்குக் கான்கிரீட் போட்டிருந்தாலும் அந்த வடிகால் தண்ணீரைத் தெருவுக்கே திருப்பி அனுப்பும். வேலை முகத்துவாரத்தில் தொடங்கி மேல்நோக்கி வந்திருக்க வேண்டும். இங்கோ திறப்பு விழாவுக்குத் தோதான தெருமுனையில் தொடங்குகிறது.

சீரமைப்பின் கதையும் இதுதான். ஏரிக்கரை உடைந்தால் சவுக்குக் கட்டைகளை அடித்து மணல் மூட்டைகளை அடுக்குகிறார்கள். அவசரத்துக்கு அது சரியே. கரையை உயர்த்தி, மதகையும், உபரிநீர் வழிந்தோடும் கலங்கலையும் பழுதுபார்க்கும் நிரந்தரச் சீரமைப்புக்கு மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி எல்லாம் முடிவதற்குள் சாக்குகள் வெயிலில் இற்று, மணல் சரிந்து, அடுத்த வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது.

தூர்வாரலைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். பொக்லைன் இயந்திரம் ஆகாயத்தாமரையையும் சேற்றையும் வாரிக் கரையிலேயே குவிக்கிறது. லாரி வராவிட்டால் முதல் கனமழையே அதைக் கால்வாய்க்குள் இறக்கிவிடும். எடுத்த மண்ணின் அளவுக்கு ஆதாரம், வேலைக்கு முன்னும் பின்னும் அளந்த தரைமட்டங்கள்தாம். வெள்ளம் வந்து புது வண்டல் படிந்த பிறகு அவற்றை யாராலும் சரிபார்க்க முடியாது. எனவே அந்த அளவுகளைச் செப்டம்பர் முடிவதற்குள், அந்தந்தக் கரையிலேயே பலகை வைத்து எழுத வேண்டும். அதற்குத் தனி நிதியோ புதிய குழுவோ தேவையில்லை.

உங்கள் கவுன்சிலரைப் பார்க்கும்போது, தெரு வடிகால் எந்தக் கால்வாயில் என்ன மட்டத்தில் இறங்குகிறது என்பதையும், அந்தக் கால்வாயில் கடைசியாக மட்டம் அளந்த தேதியையும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.