எந்தப் பாதையில் போனாலும் அதே சந்திப்பா?

கேள்வி: இணை வாழ்க்கைகளை, அதாவது ஒருத்தி வெவ்வேறு முடிவுகளை எடுத்தால் அமையும் வெவ்வேறு வாழ்க்கைகளை, அருகருகே சொல்லும் இளையோர் நாவல்களில், நாயகி எந்த முடிவை எடுத்தாலும் கடைசியில் அதே நண்பனைச் சந்திக்கிறாள். எல்லாம் விதிப்படிதான் என்றால், அவளுடைய தேர்வுக்கு என்ன மதிப்பு?

பதில்: சந்திப்பு நிகழ்கிறதா என்பதைவிட, அந்த நேரத்தில் அவள் எப்படிப்பட்டவளாக இருக்கிறாள் என்பதைக் கவனியுங்கள். தங்கைக்காகப் படிப்பைத் தள்ளிப்போட்டவள், அவன் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கிப் புத்தகத்தின் ஓரத்தை மடித்துக்கொண்டிருப்பாள். விடுதிக்குப் போய்த் தனியாக வாழப் பழகியவளோ அவனை இடைமறித்துப் பேசுவாள். சந்திப்பு ஒன்றுதான், சந்திப்பவர்கள் வேறு. தேர்வின் மதிப்பு அங்கேதான் தெரிகிறது.

இத்தகைய கதைகள் 1957இல் இயற்பியலாளர் ஹ்யூ எவரெட் முன்வைத்த, பின்னாளில் ‘பல உலகங்கள்’ என்று பெயர்பெற்ற கோட்பாட்டைத் துணைக்கு அழைப்பதுண்டு. ஆனால் அவர் பேசியது குவாண்டம் அளவீடுகளை, அதாவது அணு போன்ற நுண்துகள்களை அளந்து பார்ப்பதைப் பற்றியே தவிர, மனிதர் எடுக்கும் ஒவ்வொரு முடிவிலும் உலகம் இரண்டாகப் பிரிகிறது என்பதைப் பற்றியல்ல. விதிக்கும் அதில் இடமில்லை.

இரண்டு வாழ்க்கைகளையும் சம அக்கறையோடு எழுதிவிட்டு, இறுதி அத்தியாயத்தில் ஒன்றை வெறும் கனவு என்று தள்ளிவிடும் நாவல்களை மட்டும் என்னால் ஏற்க முடிவதில்லை. அந்த வாழ்க்கையில் அவள் பட்ட துயரத்தையும் வாசகர் உண்மையென்று நம்பித்தானே படித்திருப்பார்?